கசக்காத இலை

ம. தங்கையன். பிறப்பு 1961, குடவாசல் வட்டம் செம்மதகடி. தகப்பனார் மருதையன், பண்ணையாள். 1986 ஜூன் 12 அன்று செம்மதகடித் தலைப்பு மதகில் தினக்கூலி லஸ்கராகச் சேர்ந்தார். 1997இல் பணி நிரந்தரம். 2021 மே 31 அன்று ஓய்வு. 2023 மார்ச் 9 அன்று இடது கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் கண்டது. ஏப்ரல் 20 அன்று தஞ்சாவூரில் அறுவை. ஜூன் 5 முதல் ஜூலை 14 வரை முப்பது முறை கதிர்வீச்சு. அக்டோபர் 18 அன்று கழுத்தில் மீண்டும் கட்டி. அக்டோபர் 30 அன்று மார்ஃபின் மாத்திரை, பத்து மில்லிகிராம், எண்பத்து நான்கு.

இந்தத் தேதிகள் மருத்துவமனைக் காகிதங்களிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. தங்கையனின் நாற்பது பக்க நோட்டில் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் லஸ்கராக அவர் செய்த வேலை இரண்டுதான். மேலிருந்து உத்தரவு வந்தால் மதகின் ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் சுவரில் பதித்த அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது. ஓய்வு பெற்ற பிறகு ஷட்டர் கையை விட்டுப் போயிற்று, எழுத்து போகவில்லை.

"ஊருக்கெல்லாம் தண்ணி அளந்த மனுசன் வீட்டுக்கு ஒரு கொடம் தூக்கினதில்ல" என்று அவர் மனைவி பட்டம்மாள் முப்பத்தேழு ஆண்டுகளாகச் சொல்லிவந்தாள். அறுவைக்கு முன்புவரை அதற்கு அவர் பதில் ஒன்றுதான்: "கொடத்துல கோடு போட்டுக் குடு, தூக்கறேன்." அறுவைக்குப் பின் தாடை இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கே வாய் திறந்தது. பேச்சு குழைந்து மூக்கில் போயிற்று. அவர் எழுதிக் காட்டுவார். அவள் வாய்விட்டுப் படிப்பாள். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தது அந்தக் காலத்தில்தான் தனக்கு உதவியது என்று அவள் பிறகு சொன்னாள்.

தஞ்சாவூர் டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. "இனிமே கட்டிக்கு வைத்தியம் இல்லம்மா. வலிக்கு மட்டும்தான். வலி இல்லாம இருக்கிற நாளு எத்தனை கிடைக்குமோ, அதை அவருக்கு வாங்கிக் குடுப்போம்." பட்டம்மாள் அந்தப் பேச்சைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டவள்போல் ஊர் திரும்பினாள். வலியில்லாத நாட்கள், அவள் கேட்டது அவ்வளவுதான்.

அக்டோபர் 30 அன்று வலி நிவாரண மையத்திலிருந்து செவிலி அனீஸா ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயதுக்குள் இருப்பாள். பக்கத்து ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள். மாத்திரை அட்டைகளைப் பட்டம்மாள் கண்ணெதிரே எண்ணி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாள். ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு உண்டு, மிச்சத்தை எண்ணித் திருப்பித் தர வேண்டும் என்றாள். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு மணிக்கு ஒவ்வொன்று, படுக்கும்போது இரண்டு. ஒரு நாளைக்கு ஆறு, பதினான்கு நாளைக்கு எண்பத்து நான்கு. பிறகு ஒரு சிறு அட்டையை எடுத்துக் காட்டினாள். பூஜ்யம் முதல் பத்து வரை கோடுகள்.

"ஐயா, வலியே இல்லைன்னா பூஜ்யம். தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எதுல இருக்கு?"

தங்கையன் அட்டையை வாங்கி நிமிர்த்துப் பிடித்தார். அளவுகோலைப் பார்ப்பவர்போல் கண்ணைச் சுருக்கினார். நோட்டில் '8' என்று எழுதினார். பக்கத்தில் மணியும் எழுதினார்.

"தோணும்போதெல்லாம் எழுதலாம்யா."

'காலை 6, மாலை 6. அதுதான் விதி' என்று எழுதிக் காட்டினார்.

"முப்பத்தஞ்சு வருசமா இதே விதிதான்" என்றாள் பட்டம்மாள். "வெள்ளம் வந்தாலும் சரி, பொண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தாலும் சரி, ஆறு மணிக்கு மதகுல நிப்பாரு."

அனீஸா சிரித்தாள். மலச்சிக்கல் வரும், முதல் இரண்டு நாள் தூக்கம் வரும், குமட்டலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கைப்பேசி எண் எழுதிய கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வருகை நவம்பர் 13.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் மாத்திரை. நோட்டில் அது ஒரு சரிக்குறி. நவம்பர் 1 மாலை வலி 5. நவம்பர் 2 காலை 3. அன்று தங்கையன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரேடியோவில் வானிலைச் செய்தி கேட்டார். அக்டோபர் இரண்டாவது வாரமே மேட்டூரை மூடியிருந்தார்கள். செம்மதகடி வாய்க்காலில் தரை வெடித்துக் கிடந்தது. சம்பாவுக்கு மழையை விட்டால் வழியில்லை. 'அங்கே பூஜ்யம். இங்கே மூன்று. இரண்டும் இறங்குகிறது' என்று எழுதிக் காட்டினார். அப்படியொரு கேலியை அவரிடமிருந்து கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. பட்டம்மாள் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

நவம்பர் 3 அன்று மூக்கு நுனியில் அரிப்பு தொடங்கியது. பிறகு முகம், கழுத்து. 5ஆம் தேதி மார்பிலும் கைகளிலும் சொறிந்த இடமெல்லாம் விரல் தடிமனுக்குத் தடித்துச் சிவந்தது. பட்டம்மாள் தேங்காயெண்ணெய் தடவினாள். நிற்கவில்லை. கையேட்டைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். மலச்சிக்கல் இருந்தது, தூக்கம் இருந்தது, குமட்டல் இருந்தது. அரிப்பு இல்லை.

தங்கையனுக்குக் கையேடு தேவைப்படவில்லை. தடிப்பைப் பார்த்ததுமே அவர் நோட்டில் எழுதினார்: 'காணாக்கடி.'

எது கடித்தது என்று தெரியாமல் உடம்பில் தடிப்பும் அரிப்பும் வந்தால் அந்தப் பக்கத்தில் அதற்குக் காணாக்கடி என்றுதான் பேர். செம்மதகடியில் காணாக்கடிக்கு ஆள் தேடினால் தங்கையனிடம்தான் வருவார்கள். 1994 ஐப்பசியில், விடியுமுன் ஷட்டர் ஏற்றப் போனவரின் கணுக்காலில் ஏதோ தீண்டியது. அப்போதிருந்த பெரிய லஸ்கர் சிறியாநங்கை இலையைப் பறித்து மெல்லச் சொன்னார். நாக்கை உதற வைக்கும் கசப்பு அந்த இலைக்கு. உடம்பில் விஷம் ஏறியிருந்தால் மட்டும் கசக்காது என்பது நம்பிக்கை. அன்று தங்கையனுக்குக் கசக்கவில்லை. அரைத்த இலையும் இருபத்தொரு நாள் உப்பில்லாப் பத்தியமுமாகப் பிழைத்தார். அதன்பின் மதகின் ஓரத்தில் அந்தச் செடியை வளர்த்தார். தண்ணீர்ப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில், தன்னிடம் இலை தின்ன வந்தவர்களின் பெயர், தேதி, கசந்ததா இல்லையா என்று எழுதி வைத்தார். அப்படி நாற்பத்தொரு பேர். கசக்காதவர் ஆறு பேர். கசந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கசக்காதவர்களைப் பத்தியத்தில் வைப்பார். நாற்பத்தொரு பேரும் பிழைத்தார்கள். அதனால் இலை தவறியதாக அவர் பதிவில் ஒரு வரியும் இல்லை.

நவம்பர் 6 காலை, ஆறு மணி மாத்திரைக்கு முன்பு, பட்டம்மாள் இலையை அரைத்துக் கரண்டிக் காம்பில் எடுத்து அவர் நாக்கில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். புருவம் சுருங்கவில்லை, தோள் குலுங்கவில்லை. அவர் விழுங்கிவிட்டு, மெல்லத் தலையசைத்தார்.

"கசக்கலையா?"

இல்லை.

"இன்னொருக்கா வைக்கவா?"

இரண்டாவது முறையும் இல்லை. நோட்டை வாங்கி எழுதினார்: 'விஷம். இன்று நாள் 1. உப்பு, புளி கூடாது. இங்கிலீஷ் மருந்து கூடாது. நாள் 21 வரை.'

பட்டம்மாள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "வலிக்குமேங்க."

'விஷம் வலியைவிடப் பெரிது.'

அதே நோட்டில், பதினாறு பக்கம் முன்னே, ஜூலை 9 தேதியிட்டு இன்னொரு வரி இருந்தது: 'கஞ்சியில் உப்புத் தெரியவில்லை. சீனியும் தெரியவில்லை. எல்லாம் மண்.' அந்த வரியை எழுதியவர் அவர். வாய்விட்டுப் படித்தவள் அவள். இரண்டு பக்கங்களையும் சேர்த்து வைத்து இருவரும் பார்க்கவில்லை.

மறுநாளே அரிப்பு குறைந்தது. 8ஆம் தேதி காலையில் தடிப்பு இருந்த இடம் தெரியவில்லை. தங்கையன் சட்டையைக் கழற்றி மார்பைக் காட்டினார், ஜெயித்தவரின் முகம். நோட்டில் 'விஷம் இறங்குகிறது' என்று எழுதியவர், அதன் கீழே அன்றைய அளவையும் எழுதினார். காலை 9. மாலை 10.

9ஆம் தேதி காலை 10. மாலை 10. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, இறுகிய தாடைக்குள் துணியைத் திணித்துக்கொண்டார். சத்தம் வெளியே போகக் கூடாதென்று. ஆனாலும் போயிற்று. பக்கத்து வயலில் மழைக்கு முளைத்த களையை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். பட்டம்மாள் கைப்பேசியை எடுத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு எழுதினார்: 'அந்தப் பிள்ளை மாத்திரையைச் சாப்பிடச் சொல்லும். விஷம் ஏறும். வேண்டாம்.' கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

10ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அவள் ஒரு காரியம் செய்தாள். காலை பத்து மணிக் கஞ்சியில் ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினாள். ருசி தெரியாத வாய் என்பது அப்போது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. கண்டுபிடிக்க மாட்டார் என்ற தைரியமே அதனால்தான் வந்தது. இலையோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் அவர் தாடை தளர்ந்தது. ஐந்து நாளில் முதல் முறையாகக் காலை நீட்டிப் படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

பதினொரு மணிக்கு அவர் கை மூக்கு நுனிக்குப் போயிற்று. பிறகு கழுத்துக்கு.

அவர் எழுந்து உட்கார்ந்தார். மார்பைப் பார்த்தார், சிவந்த கோடுகள். அவர் கண்ணில் பயத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். அறுவைக்கு உள்ளே கொண்டுபோனபோதுகூட இல்லாத பயம். நோட்டில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று: 'திரும்ப ஏறிவிட்டது. பத்தியத்தில் ஏதோ தப்பு. உப்புச் சேர்ந்ததா?'

"இல்லைங்க. உப்பு நான் சேர்க்கலை."

அவள் சொன்னது பொய்யல்ல.

அவர் ஐந்து நாட்களையும் ஒரு கோட்டால் அடித்தார். கீழே எழுதினார்: 'மறுபடி நாள் 1.'

அன்றிலிருந்து பட்டம்மாள் அனீஸாவைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டால் அந்த ஒரு மாத்திரையைச் சொல்ல வேண்டும். விஷம் ஏறிய உடம்பில் மருந்தைப் போட்டது தன் கை என்று சொல்ல வேண்டும். 13ஆம் தேதி, தீபாவளிக்கு மறுநாள், அனீஸாவே கூப்பிட்டாள்.

"அம்மா, இன்னைக்கு லீவு விட்டுட்டாங்க. நாளைலேருந்து மழைன்னு சொல்றாங்க. வியாழக்கிழமை வந்துடறேன். கணக்குப்படி மாத்திரை இன்னைக்கு முடியணும், வியாழன் வரைக்கும் பத்துமா?"

"பத்தும்மா. தூங்கிட்டப்ப சில வேளை விட்டுப்போச்சு, மிச்சம் இருக்கு."

"இப்ப ஒழுங்கா சாப்பிடறாரா? வலி எப்படி இருக்கு?"

சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த முதுகை அவள் பார்த்தாள். "சாப்பிடறாரும்மா. நல்லா இருக்காரு."

16ஆம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு மழைக்கோட்டோடு வந்த அனீஸா, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உப்பில்லாக் கஞ்சியும் இலைச்சாறுமாகப் பத்து நாள் கிடந்த உடம்பு. கன்னம் குழிந்து, கண் உள்ளே போயிருந்தது. முதலில் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தாள், பிறகு நோட்டை. பக்கம் முழுவதும் பத்து.

"என்னம்மா இது? நல்லா இருக்காருன்னீங்களே!"

பட்டம்மாள் காணாக்கடியைச் சொன்னாள். இலையைச் சொன்னாள். அரிப்பு போனதையும், நடுவில் ஒரு நாள் திரும்ப வந்ததையும் சொன்னாள். அது ஏன் வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அனீஸா அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டியில் உப்பும் இன்னொன்றில் சீனியும் எடுத்து வந்தாள். "ஐயா, கண்ணை மூடிக்கங்க. எது எதுன்னு சொல்லுங்க."

தங்கையன் முதல் கரண்டியைச் சுவைத்தார். இரண்டாவதைச் சுவைத்தார். பிறகு தானாகவே நோட்டை வாங்கி, பக்கங்களைப் பின்னால் தள்ளி, ஜூலை 9ஆம் தேதியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"கரண்ட் வச்சாங்கள்ல, அந்தக் கதிர்வீச்சுல நாக்கு ருசி போயிடுச்சுங்கய்யா. அதான் கசக்கலை. எந்த இலையும் கசக்காது." அனீஸா அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். "அரிப்பு மாத்திரையாலதான். சில பேருக்கு வரும். அதை அன்னைக்கே சொல்லாம விட்டது என் தப்பு. கையேட்டுலயும் இல்ல."

'மாத்திரை விஷமா?'

"இல்லைங்கய்யா. பெரும்பாலும் அலர்ஜிகூட இல்ல. தோலுக்கடியில ஹிஸ்டமின்னு ஒண்ணைப் பொட்டலம் கட்டி வச்சிருக்கிற செல்லு உண்டு. மார்ஃபின் பட்டா அந்தப் பொட்டலம் அவுந்துடும். அப்பத் தடிக்கும், சிவக்கும். ஆனா அது பாதிக் கதைதான். அதுக்கு மட்டும்னா அலர்ஜி மாத்திரை போட்டாலே நின்னுடணும். பல பேருக்கு நிக்கறதில்ல." அவள் தன் முதுகில் கை வைத்துக் காட்டினாள். "வலிச் சேதியும் அரிப்புச் சேதியும் தண்டுவடம் வழியாத்தான் மூளைக்குப் போவுது, ஒரே கரையில ரெண்டு வாய்க்கா மாதிரி. அரிப்பு வாய்க்கால்ல எப்பவும் ஒரு ஆளு ஷட்டரை இறக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். மார்ஃபின் வலியை அடைக்கும்போது அந்த ஆளையும் சேத்துத் தூங்க வச்சிடுது. அப்புறம் கடிக்காமயே அரிக்கும்."

தங்கையன் யோசித்தார். எழுதினார்: 'லஸ்கர் தூங்கிவிட்டான்.'

"ஆமாங்கய்யா."

'ரிப்போர்ட் பண்ண வேண்டும்.'

அனீஸா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து, வாசலுக்குப் போய் டாக்டருக்குப் பேசினாள். மாத்திரையை உடனே தொடங்க வேண்டும். அரிப்புக்கு நகத்தை வெட்டி, ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் அதே இனத்தில் வேறு மருந்துக்கு மாற்றலாம். திங்கட்கிழமை தஞ்சாவூரிலிருந்து அனுப்புகிறார்கள். பத்து மணி மாத்திரையை அவளே கொடுத்தாள்.

அவள் போன பிறகு பட்டம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். "ஏங்க, அன்னைக்கு வெள்ளிக்கிழமை…" அவர் திரும்பிப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தன் மார்பில் கோடுகளைப் பார்த்தபோது இருந்த பயம் அந்த முகத்தில் இல்லை. அவள், "வெள்ளிக்கிழமைதான் அரிசி ஊறப் போட்டேன், புளிச்சுப் போச்சு" என்று எதையோ சொல்லி முடித்தாள்.

நவம்பர் 17 காலை வலி 6. மாலை 4. அரிப்பு திரும்ப வந்தது. அவர் பயப்படவில்லை. அவள் ஈரத்துணியால் மூக்கையும் கழுத்தையும் ஒற்ற ஒற்ற, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். 'முதுகில் இன்னும் கீழே' என்று ஒரு முறை எழுதிக் காட்டினார். "முப்பத்தேழு வருசத்துல இப்பத்தான் ஒரு வேலை சொல்லியிருக்கீங்க" என்றாள். 18ஆம் தேதி காலை 3. மாலை 3. கஞ்சி இறங்கவில்லை; பத்து நாள் இழந்ததை உடம்பு திரும்ப வாங்கவில்லை. 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாத்திரையை விழுங்கி, '2' என்று எழுதினார். மணியையும் எழுதினார். ஒன்பது இருபதுக்குப் போய்விட்டார்.

நவம்பர் 27 அன்று பட்டம்மாள் மீதி மாத்திரைகளையும் நோட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பஸ் ஏறிக் குடவாசலில் உள்ள மையத்துக்குப் போனாள். அனீஸா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு நோட்டில் சரிக்குறிகளை எண்ணினாள். முதல் ஆறு நாளில் முப்பத்தாறு, கடைசி நான்கு நாளில் பதினெட்டு. ஆக ஐம்பத்து நான்கு. மாத்திரைகளை மேசையில் வைத்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"அம்மா, ஒண்ணு குறையுது." பேனாவை மூடாமல் பிடித்திருந்தாள். "கீழ விழுந்துடுச்சுன்னு எழுதிக்கவா? அப்படி நடக்கும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"விழலைம்மா."

"பின்னே?"

"பத்தாந்தேதி. அவருக்குத் தெரியாம கஞ்சில பொடிச்சுப் போட்டேன். அரிப்பு வந்துடுச்சு. திரும்ப நாள் ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சாரு." அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல? மாத்திரையாலதான் அரிக்குதுன்னு. எழுதிக்கங்கம்மா. அவரு நோட்டுல தப்பா எதுவும் இருந்ததில்ல."

அனீஸா பதிவேட்டைத் திறந்து எழுதினாள்.

வழங்கியது 84. நோட்டின்படி உட்கொண்டது 54. நோட்டில் சேராதது 1. திரும்பப் பெற்றது 29.